பைபாஸுக்குக் கால் சிரை: உரித்து எடுப்பதா, கொழுப்போடு எடுப்பதா, துளை வழியே எடுப்பதா?

பைபாஸ் அறுவை என்றால் எல்லோருடைய கவனமும் மார்பின் மேல்தான். முதன்மை மருத்துவர் மார்பைத் திறந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுப் பாதையாகத் தைக்கக் காலிலிருந்து சிரையை எடுக்கும் வேலை பெரும்பாலும் இளையவர் ஒருவரிடம் போய்விடுகிறது. அந்தச் சிரை எத்தனை ஆண்டு ஓடும் என்பதில் அவர் கைக்குப் பெரும் பங்கு உண்டு.

1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபவலோரோ கால் சிரையை இதயத்துக்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகு, பைபாஸில் அதிகம் பயன்படும் குழாய் அதுதான். ஆனால் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிச் சிரைகள் அடைபட்டோ நோயுற்றோ போகின்றன. அதே வேலைக்குப் பயன்படும் மார்பின் உள்தமனியோ அதே காலத்தில் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கிறது. குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய சிரை தமனியின் அழுத்தத்தில் மாட்டிக்கொள்கிறது, அதனால்தான் என்பார்கள். உண்மைதான். ஆனால் இதயத்தில் தைப்பதற்கு முன்பே அதற்கு நேரும் சேதத்தை இந்த விளக்கம் மறைத்துவிடுகிறது.

சேதம் எங்கே? சிரையின் உட்சுவரில் ஒரே ஒரு செல் தடிமனில் படிந்திருக்கும் எண்டோதீலியத்தில். அதன் அருமையை 1980-ல் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெருந்தமனித் துண்டின் உட்பக்கத்தைத் தேய்த்துவிட்டால், குழாயைத் தளர்த்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தாலும் அது தளரவில்லை. தேய்க்காத துண்டு தளர்ந்தது. அந்தத் தளர்ச்சிக்குக் காரணம் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரிந்தது. 1998 நோபல் பரிசு அதற்குத்தான். இந்தப் படலம் கிழிந்தால் அடியில் உள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளிப்பட்டுத் தட்டணுக்கள் ஒட்டுகின்றன. கிழியாமல் அடிபட்டிருந்தாலும் செல்கள் ஒட்டு மூலக்கூறுகளை மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. வெள்ளணுக்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு சுவருக்குள் நுழைகின்றன. அழற்சி தொடங்கிவிட்டது. அதன் தூண்டுதலில் தசைச் செல்கள் உள்நோக்கி நகர்ந்து பெருகி, மாதக்கணக்கில் சுவரைத் தடிக்க வைக்கின்றன.

இனி முறைகளுக்கு வருவோம். வழக்கமான முறையில் காலை நீளமாகக் கீறி, சிரையைச் சுற்றியுள்ள கொழுப்பையும் வெளியுறையையும் உரித்து எடுக்கிறார்கள். உரிக்கும்போதே சிரை இறுகிச் சுருங்கிவிடும். சுருங்கியதை விரிக்க ஒரு சிரிஞ்சு, அதனுள் சலைன் என்ற உப்புநீர். கிளைகளில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கவும் அதே சிரிஞ்சுதான். கட்டைவிரலுக்கு அளவுமானி கிடையாது என்பதால் அழுத்தம் எளிதாக 300 மி.மீ. பாதரசத்தைத் தாண்டிவிடுகிறது. இதயத்தில் தைத்த பிறகு அந்தச் சிரை தாங்க வேண்டிய அழுத்தமே சுமார் 120தான். ஒரு காயத்தைச் சரிசெய்ய இன்னொரு காயம் என்பதுதான் இந்த முறையின் அடிப்படைக் கோளாறு.

சுவீடனின் ஓரேப்ரூவில் டொமிங்கோஸ் சோசா 1990-களில் கொண்டுவந்த ‘தொடாமல் எடுக்கும்’ முறை அந்தச் சங்கிலியைத் தொடக்கத்திலேயே அறுக்கிறது. சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்தே சிரையை எடுப்பதால் அது இறுகுவதில்லை; இறுகாததை ஊத வேண்டியதும் இல்லை. வெளிச்சுவருக்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் தப்பிக்கின்றன. கொழுப்பும் சும்மா இருப்பதில்லை: நைட்ரிக் ஆக்சைடு உள்ளிட்ட, குழாயைத் தளர்த்தும் பொருள்களை அது சுரக்கிறது. சிரை மடங்கிவிடாமல் தாங்கிப்பிடிக்கவும் செய்கிறது. ஓரேப்ரூ குழு 16 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இம்முறையில் எடுத்தவற்றில் 83 சதவீதமும் வழக்கமான முறையில் 64 சதவீதமும் திறந்திருந்தன. அது சிறிய ஆய்வு. 2021-ல் வெளியான சீன ஆய்வு 2,655 நோயாளிகளைக் கொண்டது. அதில் ஓராண்டில் அடைபட்டவை 3.7 சதவீதம், வழக்கமான முறையில் 6.5.

இத்தோடு முடிந்திருந்தால் தீர்ப்பு எளிது. ஆனால் சுவீடனிலேயே தொடங்கிய, சுமார் 900 பேரைக் கொண்ட ‘ஸ்வீடிகிராஃப்ட்’ ஆய்வு 2024-ல் வந்தது. சிரை தோல்வியை முக்கியமாக வைத்து அளந்த விளைவு இம்முறையில் 19.8 சதவீதம், வழக்கமானதில் 24. புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடாக நிற்கவில்லை. கால் புண் சிக்கலோ மூன்று மாதத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. கொழுப்பை இதயத்துக்குக் கொடுத்துவிட்ட கால் ஆறத் தாமதிப்பதில் வியப்பில்லை.

துளை வழியே, எண்டோஸ்கோப்பி என்ற கேமரா குழாயால் பார்த்து எடுப்பது இதற்கு நேர் எதிர்: கால் பிழைக்கிறது, சிரைக்குத்தான் சோதனை. இழுப்பும் திருகலும் அதிகம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை முன்கூட்டியே கொடுக்காவிட்டால் உள்ளேயே ரத்தக்கட்டி படியலாம். 2009-ல் வந்த ஓர் அலசலில் இம்முறையில் எடுத்த சிரைகள் அதிகம் தோற்றதாகத் தெரிந்து பெரும் கவலை எழுந்தது. 2019-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1,150 பேரிடம் நடந்த ஆய்வு அதைத் தணித்தது: மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இரு முறைக்கும் பெரிய வேறுபாடில்லை; கால் புண் தொற்று பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் அங்கே சிரை எடுத்தவர்கள் எல்லோரும் நல்ல அனுபவசாலிகள். அந்த முடிவைக் கற்றுக்குட்டியின் கைக்கு நீட்டிப் படிக்கக் கூடாது.

இவ்வளவு சர்ச்சைக்கு நடுவே யாரும் கண்டுகொள்ளாதது, எடுத்த சிரையை ஊறவைக்கும் கிண்ணம். சாதாரண சலைனின் பி.ஹெச். (அமில-கார அளவு; குறைந்தால் அமிலம்) சுமார் 5.5, ரத்தத்தினுடையது 7.4. குளோரைடும் ரத்தத்தைவிட மிக அதிகம். தையலுக்கு முறை வரும்வரை ஓர் உயிர்ப்படலத்தை அந்த அமிலத்தில் போட்டுவைப்பது வெறும் பழக்கதோஷம். நோயாளியின் ரத்தத்தையே ஹெப்பாரின் கலந்து பயன்படுத்துவது மேலானதாகத் தோன்றும். ஆனால் காற்றுப்பட வைத்தால் கரியமில வாயு வெளியேறி அதுவும் காரமாகிறது. மூன்றாவது, அமில-கார நிலை மாறாத பஃபர் கரைசல்கள். பைபாஸ் சிரைகளைப் பற்றிய ‘பிரிவென்ட் 4’ என்ற ஆய்வின் நோயாளிகளைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, பஃபர் கரைசலில் ஊறிய சிரைகள் மற்ற இரண்டையும்விடக் குறைவாகத் தோற்றிருந்தன. கரைசலைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்த ஒப்பீடல்ல அது. ஆனாலும் மாற்றுவதற்கு ஆகும் செலவு அற்பம், காலுக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

என் கணக்கில் முதலில் மாற வேண்டியவை கிண்ணமும் சிரிஞ்சும்தான். அழுத்தத்துக்கு வரம்பு கட்டும் சாதனங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் கத்தியின் கேள்வி. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, பருத்த கால், ஏற்கெனவே ஆறாத புண் உள்ளவருக்குத் துளை வழி, அதுவும் கைதேர்ந்தவர் இருந்தால். ஐம்பது வயதில், நல்ல காலோடு, இன்னும் இருபத்தைந்து ஆண்டு ஓட வேண்டியவருக்குக் கொழுப்போடு எடுப்பதையே நான் கேட்பேன். ஸ்வீடிகிராஃப்ட் இரண்டு ஆண்டுகளோடு நிறுத்திப் பார்த்தது, ஓரேப்ரூவின் இடைவெளியோ பதினாறாம் ஆண்டில் தெரிந்தது. இந்த இரு முறைகளையும் இணைத்து, கொழுப்போடு கூடிய சிரையைத் துளை வழியே எடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. குறுகிய துளைக்குள் கொழுப்பு கலையாமல் சிரையை வெளியே கொண்டுவருவதுதான் அதில் கடினம்.