வீட்டுக்கு ஒரு பலகாரமா, ஓரிடச் சமையலா? வேலூரில் மாலைத் தேநீர்க் கூட்டம் நடத்துவோருக்கு

வேலூரில் ஒரு தெருவாரோ குடியிருப்போர் நலச் சங்கத்தாரோ பேச்சாளர் ஒருவரை அழைத்து, வீட்டுப் பலகாரத்துடன் மாலைத் தேநீர்க் கூட்டம் நடத்த முடிவு செய்தால், ஒவ்வொரு வீடும் ஒரு பண்டம் செய்து கொண்டுவருவதா, ஓரிடத்தில் கூடி எல்லாவற்றையும் சமைப்பதா என்ற கேள்வி முதலில் எழும். ஐம்பது பேர் வரை வரும் கூட்டத்துக்கு முதல் வழியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஓரிடச் சமையலில் அளவு பிசகாது. பலகாரமும் சூடாகக் கிடைக்கும். ஆனால் மதியம் முதல் அடுப்படியில் நிற்கும் பெண்கள், உரை தொடங்கிய பிறகும் பாத்திரங்களோடு போராடிக்கொண்டிருப்பார்கள். அந்த உரை அவர்களுக்கும் உரியது. வீட்டுக்கு ஒரு பலகாரம் என்றால் உழைப்பு பகிரப்படுகிறது. ஒரு வீட்டுக் கேழ்வரகு அடையும் மற்றொரு வீட்டுச் சமோசாவும் ஒரே மேசைக்கு வருவதால், வெறும் முகப் பழக்கமாக இருந்தவர்கள் செய்முறை கேட்டுப் பேசத் தொடங்குகிறார்கள்.

இந்த வழியின் பெரிய குறை வெயிலில்தான் இருக்கிறது. மே மாதத்தில் இங்கு வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்; 32 டிகிரிக்கு மேல் போனாலே, எளிதில் கெடும் உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது பாதுகாப்பன்று. ஆகவே கோடையில் தேங்காய்ச் சட்னியையும் தயிர் வடையையும் தவிர்த்து, தட்டை, முறுக்கு, எள்ளுருண்டை போன்றவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது. யார் எதைக் கொண்டுவருகிறார் என்பதை ஒருவர் முன்கூட்டியே குறித்துக்கொண்டால் ஐந்து வீட்டிலிருந்தும் சுண்டலே வராது. ஒவ்வாமை உள்ளவர்களும் முட்டை சாப்பிடாதவர்களும் அறிய, நிலக்கடலை, முட்டை சேர்ந்தவற்றின் அருகே ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும்.

கடையில் வாங்குவது மூன்றாவது வழி. அது எளிது என்றாலும் இந்தக் கூட்டத்தின் நோக்கத்துக்கு ஒட்டாது. கடையில் வாங்கும் ஆற்காட்டு மக்கன் பேடா என்ற இனிப்பைப் பேச்சாளரை வழியனுப்பும்போது கொடுக்கலாம்.

தேநீரை மட்டும் ஓரிடத்தில்தான் போட வேண்டும். ஆளுக்கு 100 மில்லி என்றால் ஐம்பது பேருக்கு 5 லிட்டர். பாதி பால், பாதி தண்ணீர். சர்க்கரையைத் தனியே வைத்தால் நீரிழிவு உள்ளவர்களும் தயங்காமல் குடிப்பார்கள்.

உரைக்கு முன் உபசரிப்பதா, பின் உபசரிப்பதா என்பதில் இரண்டையும் பிரித்துக்கொள்வதே மேல். பலகாரத்தை வந்தவுடன் பரிமாறினால் அது வெயிலில் காத்திருக்காது, குழந்தைகளும் பசியில் நெளிய மாட்டார்கள். தேநீரை உரைக்குப் பின் கொடுத்தால் கேள்வி கேட்கக் கூச்சப்படுபவர்கள் கோப்பையோடு பேச்சாளரை நெருங்குவார்கள். 1806 ஜூலை 10 அன்று, புதிய தலைப்பாகை உள்ளிட்ட உடை விதிகளை எதிர்த்துச் சிப்பாய்கள் இங்குள்ள கோட்டையில் கிளர்ந்தெழுந்ததைப் போன்ற உள்ளூர்ப் பொருளாக இருந்தால், அரை மணி நேர உரைக்குப் பின் எழும் பேச்சு இன்னும் நீளும். அதற்கென ஒரு மணி நேரத்தையும் இரண்டாம் சுற்றுத் தேநீருக்கான பாலையும் ஒதுக்கி வைப்பது நல்லது.