வெள்ளவத்தையில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியின் அலுவலகம்

கனேடியப் பிரஜையாகிவிட்ட என் அக்காவின் இரட்டைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள இந்தச் சட்டத்தரணியின் அலுவலகத்தை நாடினோம். வேறொரு நாட்டின் பிரஜையாகும்போது இலங்கைப் பிரஜாவுரிமை அற்றுப்போகும் என்பதும், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் அதனை மீளப்பெற விண்ணப்பிக்கலாம் என்பதும் பலரும் அறிந்தவையே. வயது, தகைமை, சொத்து ஆகியவற்றுள் எதன் அடிப்படையில் விண்ணப்பிப்பது என்பதில்தான் ஆலோசனை தேவைப்படுகிறது.

பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு, கனேடியக் கடவுச்சீட்டு ஆகியவற்றை மேசையில் பரப்பி, தந்தையின் பெயர் ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்பதையும், ஆங்கில எழுத்துகள் ஆவணத்துக்கு ஆவணம் மாறுவதையும் அவர் பென்சிலால் குறித்துக்கொண்டார். அதற்கான சத்தியக் கடதாசியை முன்கூட்டியே தயாரித்திருந்ததால், பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் எங்கள் கோப்பு மறுபேச்சின்றி ஏற்கப்பட்டது.

கொழும்பின் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் காணி வழக்குகள் பேசிக்கொண்டிருந்தவர் இந்தத் துறைக்கு ஏன் வந்தார் என்று கேட்டேன். பாகப்பிரிப்பு வழக்கொன்று தாக்கல் செய்தவரின் ஆயுளையும் கடந்து நீளக்கூடும் என்றும், எப்படி முடிந்தாலும் உடன்பிறந்தோர் பேசாமற் போவதே மிச்சம் என்றும், இங்கோ கோப்பு வென்றால் தோற்பதற்கு எதிர்த்தரப்பில் ஒருவருமில்லை என்றும் சொன்னார். இதைவிட ஆழமான காரணம் அவரது குடும்பத்தில் இருந்தது. அவர் மலையகத்தவர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கிய தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டபோது, அவரது பாட்டனாரின் உடன்பிறந்தோர் இரு கரைகளிலுமாகப் பிரிந்தனர். அதன் பின்னும் நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. ஒரு விண்ணப்பப் படிவம் குடும்பத்தை என்ன செய்யும் என்பதைச் சட்டக் கல்லூரிக்கு முன்பே கற்றுவிட்டவர் என்பதால், அந்தப் பென்சில் குறிப்புகளின் பொறுமை எனக்கு அதன்பின் வியப்பளிக்கவில்லை.

கனடா செல்ல விரும்பும் எங்கள் மைத்துனருக்கு அவர் சொன்ன பதிலையும் இங்கே குறிப்பிட வேண்டும். கனேடியக் குடிவரவு விண்ணப்பங்களில் கட்டணம் பெற்றுப் பிரதிநிதித்துவம் செய்ய அந்நாட்டில் உரிமம் பெற்ற சட்டத்தரணிகளும் ஆலோசகர்களும் போன்றோருக்கே அனுமதியுண்டு என்றும், தமக்கு அந்த உரிமம் இல்லை என்றும் வெளிப்படையாகவே கூறினார். பொய்த் தகவல் கொடுத்து அகப்பட்டால் 5 ஆண்டுத் தடை விழும் என்பதையும் எடுத்துரைத்து, மைத்துனர் காட்டிய ‘உத்தரவாத விசா’ விளம்பரத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். வரும் பணத்தை வேண்டாமென்னும் சட்டத்தரணியைக் கொழும்பில் அடிக்கடி காண முடியாது.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எளிதில் எடுக்கமாட்டார்கள். முன்பதிவு செய்து சென்றாலும் காத்திருக்க நேரும். மாடிப்படி முதியவர்களுக்குக் கடினம். கட்டணம் குறைவென்று சொல்வதற்கில்லை, ஆனால் தொகை தொடக்கத்திலேயே எழுத்தில் தரப்படுகிறது, பற்றுச்சீட்டும் கிடைக்கிறது. ஆவணங்கள் ஒழுங்காக உள்ளவர்கள் திணைக்களத்துக்கு நேரடியாகவே செல்லலாம். பெயர் முரண்பாடு, தொலைந்த பதிவுகள் போன்ற சிக்கல் உள்ளவர்களுக்கு இந்த அலுவலகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.