ஸ்விட்ச் 2-க்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? 54,500 ரூபாய் கொடுத்தவள் சொல்கிறேன்

54,500 ரூபாய். அதை வாங்கிக்கொண்டு, ஒரு வரிகூட என்னால் படிக்க முடியாத ஒரு விளையாட்டுக் கருவியை என் தலையில் கட்டியிருக்கிறார் ஒரு கடைக்காரர். கேட்டால் சிரிக்கிறார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சென்னையின் நடுப்பகுதியில், வெளிநாட்டு மின்னணுப் பொருட்களும் கேம் கன்சோல்களும் விற்கும் சிறிய கடை. இன்ஸ்டாகிராமில் பளபளப்பான பக்கம், ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்கள், வாங்கியவர்கள் பெட்டியோடு சிரிக்கும் படங்கள். இப்படிப்பட்ட கடை உங்கள் ஊரிலும் இருக்கும். ஏமாறாமல் வாங்குவது எப்படி என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

"அதிகாரப்பூர்வக் கடையில் வாங்கியிருக்கலாமே" என்று கேட்கத் தோன்றுகிறவர்களுக்கு: ஸ்விட்ச் கருவிகளைத் தயாரிக்கும் ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதே இல்லை. 2017 மார்ச்சில் வந்த முதல் ஸ்விட்ச் உலகம் முழுவதும் 15 கோடிக்கு மேல் விற்றது. இந்தியாவில் அதை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒன்று வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்கியிருப்பார்கள், அல்லது இப்படி ஒரு கடையில் வாங்கியிருப்பார்கள். எனக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை.

2025 ஜனவரி 16 அன்று ஸ்விட்ச் 2 பற்றிய முதல் காட்சி வெளியானதிலிருந்து காத்திருந்தேன். என் பழைய கருவியின் இடது கண்ட்ரோலரில் குச்சியைத் தொடாமலே ஆள் தானாக நடந்து போய்ப் பள்ளத்தில் விழுகிறான். அதை வைத்துக்கொண்டு ஜெல்டா என்ற சாகச விளையாட்டை ஆடுவது தண்டனை. ஏப்ரல் 2 அன்று முழு விவரமும் வந்தபோது நள்ளிரவு வரை விழித்திருந்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். 6.2 அங்குலத் திரை 7.9 அங்குலமாகிறது. சேமிப்பிடம் 32 ஜிபியிலிருந்து 256 ஜிபி. டிவியில் இணைத்தால் 4கே தெளிவில் படம். கண்ட்ரோலர்கள் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், மேசையில் சாய்த்து வைத்து நகர்த்தினால் மவுஸாகவும் வேலை செய்யும். மரியோ கார்ட் வேர்ல்ட் என்ற கார்ப் பந்தய விளையாட்டில் ஒரே பந்தயத்தில் 24 பேர் ஓடுவார்கள். எல்லாவற்றையும்விட, நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் விளையாட்டுகள் இதிலும் ஓடும். நாற்பதை நெருங்கும் ஒரு பெண்ணுக்கு இதில் என்ன இவ்வளவு ஆசை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். என் சம்பளம், என் ஆசை.

அன்று இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். ஜப்பானில் மட்டும் இரண்டு வகை விற்பார்கள். ஒன்றின் அறிமுக விலை 49,980 யென். அதில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும், ஜப்பான் என்று பதிவான நின்டெண்டோ கணக்கை மட்டும்தான் இணைக்க முடியும். இன்னொன்று பல மொழி வகை, 69,980 யென். ஜப்பானில் அதை நின்டெண்டோவின் சொந்த இணையக் கடை மட்டும்தான் விற்கும். அமெரிக்காவில் அறிமுக விலை 449.99 டாலர், அந்தச் சிக்கல் அங்கே கிடையாது. நான் விவரம் தெரியாமல் கடைக்குப் போனவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கடைக்குப் போனதும் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "ஜப்பான் மொழி மட்டும் உள்ளதைத் தந்துவிட மாட்டீர்களே?"

கடைக்காரர் பதறவில்லை, மழுப்பவும் இல்லை. உள்ளே போய் ஒரு பழைய ஸ்விட்சை எடுத்து வந்தார். "இது ஜப்பானிலிருந்து வந்தது அக்கா, பெட்டியைப் பாருங்கள்" என்றார். கருவியை இயக்கினார். திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. அமைப்புகளுக்குள் போய், படிக்காமலே விரல் பழக்கத்தில் இரண்டு இடத்தில் தட்டினார். எல்லாம் ஆங்கிலமாக மாறிவிட்டது. "ஜப்பான் பொருளே இப்படித்தான் அக்கா. அதிலும் உங்களுக்கு வரப்போவது துபாய் வழியாக வரும் அமெரிக்கப் பொருள். ஆங்கிலம் வராவிட்டால் மறுநாளே மாற்றித் தருகிறேன், என் பொறுப்பு" என்றார். நான் கேட்காமலே முன்பணச் சீட்டில் 'மல்ட்டி', அதாவது பல மொழி வகை, என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். 20,000 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் காட்சியை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. அவர் காட்டியதில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. பழைய ஸ்விட்சை எந்த நாட்டில் வாங்கினாலும் மொழியை மாற்றிக்கொள்ளலாம். எட்டு ஆண்டுகளாக இந்தியாவில் எல்லோரும் அந்த நம்பிக்கையில்தான் ஜப்பான் பொருளை வாங்கினார்கள். அந்தப் பழைய உண்மையை என் கண் முன்னால் நிரூபித்துக் காட்டி, புதிய பொய்யை அதன்மேல் ஏற்றிவிட்டார். வெறும் வாயால் சத்தியம் செய்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

பிறகு விலை ஏறியது. முதலில் பேசியது 51,000. அமெரிக்காவில் புதிய இறக்குமதி வரி அறிவிப்பால் அங்கே ஏப்ரல் 9-இல் தொடங்க வேண்டிய முன்பதிவு தள்ளிப்போனது. அதைப் பிடித்துக்கொண்டு, "வரி ஏறிவிட்டது அக்கா, இன்னும் 3,500 ஆகும்" என்றார். கடைசியில் ஏப்ரல் 24-இல் முன்பதிவு தொடங்கியபோது நின்டெண்டோ கருவியின் விலையை ஒரு டாலர்கூட ஏற்றவில்லை, உதிரிப் பொருட்களுக்குத்தான் ஏற்றினார்கள். அதைச் சொன்னேன். "அது அமெரிக்கா அக்கா, இது துபாய் செலவு" என்று பதில் வந்தது. அமெரிக்க வரிக்காக ஏறிய விலை, அந்த வரி இல்லை என்றதும் துபாய்க்குக் குடிபோய்விட்டது. 54,500 ஆனது இப்படித்தான்.

ஜூன் 5-இல் கருவி வெளியானது. கடையிலிருந்து சத்தமே இல்லை. கேட்டால், முதல் நான்கு நாட்களிலேயே உலகம் முழுவதும் 35 லட்சம் கருவிகள் விற்றுவிட்டன என்ற செய்தியை எனக்கே அனுப்புவார். "எங்குமே சரக்கு இல்லை அக்கா, ஜப்பானிலேயே கருவி வாங்க 22 லட்சம் பேர் குலுக்கலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்பார். உண்மைதான். அந்தக் குலுக்கல் நின்டெண்டோவின் சொந்தக் கடையில் நடந்தது; அதில் கலந்துகொள்ளவே பழைய ஸ்விட்சில் 50 மணி நேரமாவது ஆடியிருக்க வேண்டும், அவர்களுடைய இணையச் சந்தாவை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். மொத்தமாக வாங்கி விற்பவர்களைத் தடுக்கத்தான் அந்த நிபந்தனை. இந்தச் செய்தியை எனக்கு அனுப்பியவருக்கு அது தெரியாதா?

ஒருநாள் இரவு, கடை மூடும் நேரத்தில் அழைப்பு. பொருள் வந்துவிட்டதாம், கடையில் கூட்டமாம், நான் வர வேண்டாமாம். "மீதியை அனுப்பிவிடுங்கள், பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். இப்போது விட்டால் வேறொருவருக்குப் போய்விடும்." 34,500 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பினேன். பையன் வந்தான். குமிழி பிளாஸ்டிக்கால் சுற்றி, மேலே கறுப்பு உறை போட்டு ஒட்டிய பெட்டி. "பழைய சீட்டை அண்ணன் வாங்கி வரச் சொன்னார் அக்கா" என்று முன்பணச் சீட்டை வாங்கிக்கொண்டு புது ரசீதைக் கொடுத்தான். அதில் 'கேம் கன்சோல் - 1' என்று மட்டும் இருக்கிறது. 'மல்ட்டி' போய்விட்டது, ஜிஎஸ்டி எண்ணும் கிடையாது. "பேரனுக்கா அம்மா?" என்று வாசலில் நின்ற என் அம்மாவிடம் விசாரித்துவிட்டு வேறு போனான்.

கருவியை இயக்கியதும் மொழிப் பட்டியல் வர வேண்டும். வரவில்லை. ஜப்பானிய எழுத்தாக ஓடிக்கொண்டே போனது. கைப்பேசியின் கேமராவில் ஒவ்வொரு திரையையும் மொழிபெயர்த்துப் பார்த்துக்கொண்டே கணக்கை இணைக்கும் இடம் வரை போனேன். என் கணக்கு அமெரிக்கக் கணக்கு; இந்தியாவில் அவர்களுடைய இணையக் கடையே கிடையாது என்பதால் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஏற்க மறுத்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் வாங்கிச் சேர்த்த விளையாட்டுகள் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன். பெட்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சீல் உடைத்துவிட்டீர்களா அக்கா?"

அதற்குப் பிறகு வந்த பதில்களை அப்படியே தருகிறேன். "அடுத்த அப்டேட்டில் ஆங்கிலம் வந்துவிடும்." வராது, நின்டெண்டோ அந்த வகையை விற்பதே ஜப்பானிய மொழிக்கு மட்டும் என்றுதான். "கணக்கை ஜப்பான் என்று மாற்றிவிட்டால் போதும்." மாற்றினாலும் திரை ஆங்கிலத்துக்கு வராது. 2025 மார்ச் 25 முதல் ஜப்பான் இணையக் கடை வெளிநாட்டு வங்கி அட்டைகளை ஏற்பதில்லை, ஆகவே என் அட்டையை வைத்து ஒரு விளையாட்டுகூட வாங்க முடியாது. "ஆட்டத்துக்குள் மொழி வரும்." சிலவற்றில் வரும், கருவியின் மொழியைப் பின்பற்றுபவற்றில் வராது. "பையன்கள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள் அக்கா." எனக்குப் பையனே இல்லை என்றேன். "அப்படியானால் பரிசாகக் கொடுத்துவிடுங்கள்" என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

'மாற்றித் தருகிறேன் என்றீர்களே' என்று கேட்டதும் முதலாளி திருச்சிக்குப் போய்விட்டார் என்ற பதில் வந்தது. அதுவரை அவரே முதலாளியாக இருந்தார்.

வாட்ஸ்அப் உரையாடலைக் காட்டலாம் என்று கைப்பேசியை எடுத்தால் ஏப்ரல், மே மாதப் பேச்சு எதுவும் இல்லை. தொடக்கத்திலேயே ஏழு நாளில் தானாக மறையும்படி அந்தப் பக்கத்திலிருந்து அமைத்து வைத்திருக்கிறார்கள். பெட்டியோடு இலவசமாக வைத்திருந்த 128 ஜிபி மெமரி கார்டும் உதவாது. இந்தக் கருவியில் விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகை வேண்டும், அவர் வைத்தது சாதாரண மைக்ரோஎஸ்டி. பரிசிலும் கஞ்சத்தனம்.

கடைசியில் ஒரு பெருந்தன்மை காட்டினார். "உங்களுக்காக 28,000-க்கு நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்." ஜப்பானில் அந்த வகையின் அறிமுக விலையே நம் பணத்தில் ஏறக்குறைய 30,000 ரூபாய்தான். அதை எனக்கு 54,500-க்கு விற்று, 28,000-க்கு வாங்கி, மறுபடி இன்னொருவருக்கு விற்பார்.

தெரியாமல் நடந்த தவறாக இருக்கும் என்று நேற்று மாலை வரை என் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அதே கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை என் தோழி படம் பிடித்து அனுப்பினாள், என் எண்ணைத்தான் பிளாக் செய்து வைத்திருக்கிறார்களே. 'ஸ்விட்ச் 2 ஜப்பான் மொழி 41,000, மல்ட்டி 56,000, இரண்டும் கைவசம்.' இரண்டையும் பிரித்து, விலை போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்கிறார். என்னிடம் 54,500 வாங்கிய கையால் 41,000 ரூபாய்ப் பெட்டியை எடுத்துக் கறுப்பு உறையில் சுற்றியிருக்கிறார். அம்மா அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். மீதிப் பணம் கொடுக்கும் முன் பெட்டியைக் கடையிலேயே பிரித்து, இயக்கி, மொழிப் பட்டியலைக் கண்ணால் பாருங்கள். சீல் போனால் மதிப்புப் போகும் என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். முன்பணச் சீட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், குறைந்தது படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீதில் எந்த வகை என்று எழுதி வாங்குங்கள். மறையும் செய்தி வைத்திருக்கும் கடையோடு பேசினால் அன்றன்றைக்கே திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஒருவர் பயன்படுத்திய கருவியை வாங்குபவர்கள் விற்பவர் முன்னாலேயே இணையத்தில் இணைத்துப் பாருங்கள். திருட்டு விளையாட்டு ஓட்டியதற்காக நின்டெண்டோ இணையத் தடை போட்ட கருவிகளும் கைமாறுகின்றன.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது, அதையும் விடப் போவதில்லை. இரண்டு யுபிஐ பதிவுகளும் என்னிடம் இருக்கின்றன. 20,000, 34,500. அந்த ஸ்டேட்டஸ் படமும் இருக்கிறது.