படுத்துக்கிடக்கும் படங்களை நிமிர்த்துவது: ஜெராக்ஸ் கடையில் ஆறு ஆண்டு அனுபவம்

மன்னார்குடியில் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்திரம் தட்டச்சு செய்வது, விண்ணப்பம் பதிவேற்றுவது, போட்டோ பிரிண்ட் போட்டு லேமினேட் செய்வது என்று எல்லாம் உண்டு. இப்போது கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காகிதத்தோடு வருவதில்லை, செல்போனோடு வருகிறார்கள். "அண்ணே, வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன், ரெண்டு பிரதி எடுத்துக்கொடுங்கள்" என்பார்கள். திறந்து பார்த்தால் பட்டா பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும், குடும்ப அட்டை தலைகீழாக நிற்கும். பத்துப் படம் வந்தால் இரண்டு மூன்று இப்படித்தான் வருகின்றன. ஆறு ஆண்டுகளாக இவற்றை நிமிர்த்துவதே என் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருப்பதால், எது உதவுகிறது, எது ஏமாற்றுகிறது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் இதை ஒரு பிரச்சினையாகவே நான் நினைக்கவில்லை. படத்தைத் திற, திருப்பும் பொத்தானை அழுத்து, வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன். 2019-இல் ஒரு நாள் மாலை கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒரு பெண் வந்தாள். அன்றுதான் கடைசி நாள். மதிப்பெண் சான்றிதழை அவளே செல்போனில் எடுத்திருந்தாள். படம் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அவள் போனிலேயே திருப்பினேன், நேராக நின்றது. இணையதளத்தில் ஏற்றினேன், மறுபடியும் சாய்ந்துவிட்டது. திரும்பத் திருப்பி ஏற்றினேன், அதே கதைதான். மூன்றாம் முறையும் அப்படியே. அவள் அப்பா வாசலில் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஏதோ தோன்றி, ஓரத்தில் ஒரு நூலளவு வெட்டிச் சேமித்து ஏற்றினேன். நேராக நின்றது! விண்ணப்பம் போய்விட்டது. ஆனால் ஏன் நின்றது என்று எனக்குப் புரியவில்லை. அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

செல்போன் கேமராவின் உணரி (சென்சார்) எப்போதும் ஒரே வாக்கில் பொருத்தப்பட்டிருக்கிறது. போனை நீங்கள் நெட்டாகப் பிடித்தாலும் படுக்கையாகப் பிடித்தாலும், உணரி தன் வாக்கிலேயே படத்தைப் பதிகிறது. பதிந்த பிறகு போன் கோப்புக்குள் ஒரு சிறு குறிப்பை எழுதிவைக்கிறது: "இதைக் காட்டும்போது இவ்வளவு திருப்பிக் காட்டு" என்று. எக்ஸிஃப் என்னும் தகவல் தொகுப்பில் அந்தக் குறிப்பு இருக்கிறது. 1995-இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு வகுத்த முறை அது. திசைக் குறிப்பு 1 முதல் 8 வரை ஓர் எண், அவ்வளவுதான். 1 என்றால் அப்படியே காட்டு. 3 என்றால் தலைகீழாக்கு. 6 என்றால் வலப்பக்கம் கால் சுற்று, 8 என்றால் இடப்பக்கம் கால் சுற்று. மிச்சமுள்ள நான்கும் கண்ணாடிப் பிம்பத்துக்கானவை. நாம் நெட்டாகப் பிடித்து எடுக்கும் படங்களில் பெரும்பாலும் 6 என்றே எழுதப்பட்டிருக்கும்.

ஆக, கோப்பில் படம் படுத்துத்தான் கிடக்கிறது. குறிப்பைப் படிக்கிற மென்பொருள் நிமிர்த்திக் காட்டுகிறது. படிக்காதது கிடந்தபடியே காட்டுகிறது. அன்று அந்தப் பெண்ணின் போனில் நான் திருப்பியபோது மாறியது அந்த எண் மட்டும்தான். இணையதளம் எண்ணைப் பார்க்கவே இல்லை. வலைப்பக்கத்துக்குள் வைக்கும் படங்களைக் காட்டும்போது அந்த நாளில் பல உலாவிகளும் பார்த்ததில்லை. கணினிக் குரோம் 2020-இல் வந்த 81-ஆம் பதிப்பிலிருந்துதான் அந்தக் குறிப்பை இயல்பாகவே மதிக்கத் தொடங்கியது. நான் ஓரத்தை வெட்டிச் சேமித்தபோது, படம் புள்ளி புள்ளியாகப் புதிதாக எழுதப்பட்டது. அப்போதுதான் அது உண்மையில் நிமிர்ந்தது.

இது தெரிந்த பிறகு என் வேலை முறையே மாறிவிட்டது. வேறு யாருக்காவது அனுப்பப் போகிற படம், எங்காவது ஏற்றப் போகிற படம் என்றால், திருப்புவதோடு நிறுத்துவதில்லை. ஒரு மயிரிழை வெட்டியும் சேமிக்கிறேன். ஆண்ட்ராய்டில் இதற்கு நான் நம்பிப் பயன்படுத்துவது ஸ்னாப்சீட். 2011-இல் ஐபேடுக்காக வந்த செயலி, மறு ஆண்டே கூகுள் வாங்கிக்கொண்டது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. அதில் திருப்பி ஏற்றுமதி செய்தால் படம் முழுதாகப் புதிதாக எழுதப்பட்டு வருகிறது. இத்தனை ஆண்டுகளில் அதிலிருந்து போன எந்தப் படமும் எனக்குச் சாய்ந்து திரும்பி வரவில்லை. ஐபோன் கொண்டுவருகிறவர்களுக்குத் தனிச் செயலி தேவையில்லை. படங்கள் செயலியில் திருத்தும் பகுதிக்குள் போய், வெட்டும் குறியைத் தொட்டால், மேலே இடது மூலையில் அம்புக்குறி போட்ட ஒரு சிறு சதுரம் இருக்கிறது. ஒரு தொடுதலுக்கு இடப்பக்கம் கால் சுற்று திரும்பும். வலப்பக்கம் வேண்டுமென்றால் மூன்று தொடுதல். மூலப்படம் உள்ளே பத்திரமாக இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவசரத்துக்குச் சிலர் படத்தைத் திரையில் நேராக வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். நேராகத்தான் வரும். ஆனால் 12 மெகாபிக்சல் படம் 1080 புள்ளி அகலமுள்ள திரையில் ஏறக்குறைய ஒன்றரை மெகாபிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. எட்டில் ஒரு பங்கு. ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 2480-க்கு 3508 புள்ளிகள் வேண்டும். பத்திரத்தின் சிறிய எழுத்தும் முத்திரையின் வட்ட எழுத்தும் மங்கிவிடும். தயவுசெய்து பத்திரங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.

கடைக் கணினியில் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளை வைத்திருக்கிறேன். ஜேபெக் என்பது படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான கோப்பு வகை. அந்தப் படத்தைத் திறந்து மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறைகிறது. சிவப்பு முத்திரையின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், கரையில் அழுக்குப் படிந்தது போலிருக்கும். இர்ஃபான்வியூவில் துணைநிரல்களையும் நிறுவியிருந்தால், இழப்பில்லாமல் திருப்பும் வசதி கிடைக்கிறது. ஜேபெக் படம் சிறுசிறு கட்டங்களாகச் சேமிக்கப்படுவதால், மீண்டும் சுருக்காமல் கட்டங்களைத் திருப்பி இடம் மாற்றி அடுக்கிவிடுகிறது. கட்டம் பொதுவாகப் பதினாறு புள்ளி அகலம். படத்தின் நீள அகலங்கள் பதினாறால் மீதியின்றி வகுபட்டால் ஒரு புள்ளிகூடக் குறையாது. 4032-க்கு 3024 அளவுள்ள படங்கள் அப்படி வகுபடுகின்றன. 4000-க்கு 3000 என்றால் 3000 வகுபடாது, ஓரத்தில் எட்டுப் புள்ளி விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஐம்பது படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் திருப்பவும் முடிகிறது. பத்திர வேலைக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

ஆனால் நிமிர்த்துவதைவிடச் சாயாமல் எடுப்பதே மேல். நான் அதிக நேரம் செலவழித்துக் கற்றுக்கொண்டது இதைத்தான்.

பத்திரத்தை மேசையில் வைத்து, போனை மேலே பிடித்து, குனிந்து எடுக்கிறோம். எனக்கு நினைவிருக்கிற ஒரு தாய்ப்பத்திரம் பதினெட்டுத் தாள். முதல் நான்கு தாள் நேராக வந்தது, ஐந்திலிருந்து ஒன்பதுவரை படுத்துவிட்டது, பத்து மட்டும் தலைகீழ், மற்றவை மீண்டும் நேர். கை ஒன்றுதான், மேசை ஒன்றுதான். பலர் நினைப்பது போலத் திரை சுழல்வதைப் பூட்டிவைத்ததால் வருவதல்ல இது. அந்தப் பூட்டு திரைக்கு மட்டும்தான். எது மேல் என்பதைப் போன் புவியீர்ப்பை வைத்து அறிகிறது. உள்ளே இருக்கும் முடுக்கமானி, ஈர்ப்பு எந்த விளிம்பை நோக்கி இழுக்கிறது என்று பார்க்கும். போன் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும்போது ஈர்ப்பு எந்த விளிம்பையும் நோக்கி இழுப்பதில்லை, நேரே முதுகு வழியாகக் கீழே போகிறது. அப்போது போனுக்கு நான்கு பக்கமும் ஒன்றுதான். கடைசியாக எதை மேல் என்று நினைத்ததோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும். தாளைப் புரட்டும்போது கை கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தால் போதும், அந்த நினைப்பு மாறிவிடும். அடுத்துவரும் தாள்கள் எல்லாம் படுத்துவிடும்.

கேமராத் திரையில் ஃபிளாஷ், டைமர் குறிகள் இருக்கின்றன அல்லவா, போன் எதை மேல் என்று நினைக்கிறதோ அந்தப் பக்கம் நோக்கி அவையும் திரும்பி நிற்கும். ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் என் கண் இப்போது அந்த மின்னல் குறிக்குத்தான் போகிறது. அது படுத்திருந்தால் படமும் படுக்கும். போனை ஒருமுறை முகத்துக்கு நேரே செங்குத்தாகத் தூக்கினால் குறி நிமிர்கிறது. பிறகு மெதுவாக, பக்கவாட்டில் சாய்க்காமல், தாளின்மேல் இறக்க வேண்டும்.

பக்கம் அதிகமுள்ள வேலைக்கு வேறு ஏற்பாடு செய்தேன். வீட்டுப் பரணில் தாத்தாவின் கணக்குப்பிள்ளை மேசை கிடந்தது. தரையில் உட்கார்ந்து எழுதுகிற, மேற்பலகை சரிந்த மேசை. அதைத் துடைத்துக் கடைக்குக் கொண்டுவந்தேன். தாளைச் சரிவில் வைத்தால் போனும் சரிந்தே நிற்கும், ஈர்ப்புக்கு ஒரு கீழ்ப்பக்கம் கிடைக்கும் என்பது கணக்கு. முதலில் பலிக்கவில்லை, சரிவு போதவில்லை. பின்கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து, சரிவு ஏறக்குறைய முப்பது பாகைக்கு வந்த பிறகு ஒரு படம்கூடப் பிசகவில்லை. தாள் வழுக்காமல் இருக்கக் கீழ்விளிம்பில் ஒரு மெல்லிய மரச்சட்டம் அடித்திருக்கிறேன். கையின் நிழல் தாளில் விழுவதும் இதனால் குறைந்துவிட்டது.

பழைய ஆல்பப் படங்களுக்கு மட்டும் கூகுளின் போட்டோஸ்கேன் செயலி. 2016-இல் வந்தது. ஒரு படத்தை எடுத்த பிறகு நான்கு புள்ளிகளைக் காட்டி, போனை ஒவ்வொன்றின் மேலும் கொண்டுபோகச் சொல்லும்; எல்லாவற்றையும் சேர்த்துப் பளபளப்புக் கண்ணாடித்தாளின் ஒளிப்பிரதிபலிப்பை நீக்கிவிடும். படத்தின் விளிம்பை அதுவே கண்டுபிடித்து வெட்டும்.

சற்றே கோணலான படத்தை நேராக்குவது தனி விஷயம். அங்கே கை தாராளமாகப் போகக்கூடாது. மூன்று பாகை திருப்பி அதே வடிவத்தில் வெட்டினால் படத்தின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். ஐந்து பாகை என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பத்திரத்தில் அந்த ஓரத்தில்தான் தாள் எண் இருக்கும், கையெழுத்து இருக்கும். ஆவணங்களை நான் இப்படித் திருப்புவதில்லை. நான்கு மூலைகளையும் இழுத்துப் பொருத்துகிற ஸ்கேன் வசதியைப் பயன்படுத்துகிறேன். கூகுள் டிரைவிலும் ஐபோனின் குறிப்புகள் செயலியிலும் அது இருக்கிறது.

கண்ணாடிப் பிம்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஓர் அம்மா, இறந்துபோன தம் கணவரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொண்டுவந்தார். பேரன் செல்ஃபியாக எடுத்தது, அவர் நன்றாக விழுந்த ஒரே படம். பின்புறத்தை நீக்கி, பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரிண்ட் எடுத்து வைத்தேன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் இது அவர் மாதிரி இல்லை" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவரே விரலை வைத்துக் காட்டினார்: கன்னத்து மச்சம் இடப்பக்கம் இருக்க வேண்டும், படத்தில் வலப்பக்கம் இருந்தது. பார்த்தால் சட்டைப் பையும் வலப்பக்கம், துண்டும் மாற்றுத் தோளில். முன்கேமரா திரையில் காட்டிய பிம்பத்தையே சேமித்திருந்தது. இடவலம் மாற்றி வேறு பிரிண்ட் எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முதல் பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து செல்ஃபி என்றால் முதலில் சட்டைப் பையைப் பார்க்கிறேன். ஆண்கள் சட்டையில் பை இடப்பக்கம்தான். சாம்சங், ஐபோன் இரண்டிலும் கேமரா அமைப்புகளுக்குள் இதை மாற்றிக்கொள்ளலாம். வருகிறவர்களிடம் கேட்டுவிட்டு நானே மாற்றிக் கொடுக்கிறேன்.

வீடியோவுக்கு ஒரே வார்த்தை: பதிவு தொடங்கும் கணத்தில் போன் எப்படி இருக்கிறதோ அந்தத் திசைதான் கடைசிவரை. தாலி கட்டும் நேரத்தில் நடுவே போனைத் திருப்பினால் மணமக்கள் படுத்துவிடுவார்கள்.

இன்றுவரை எந்தச் செயலியும் எனக்குச் சரியாக நிமிர்த்திக் கொடுக்காதது, நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புல வரைபடம். எழுத்து எந்த வாக்கில் ஓடுகிறது என்று பார்த்துத்தான் செயலிகள் தாளின் மேற்பக்கத்தை ஊகிக்கின்றன. புல வரைபடத்தில் அளவுகள் எல்லைக் கோட்டின் போக்கிலேயே எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு. அதை மட்டும் கையால்தான் திருப்புகிறேன். வடக்கு என்று போட்ட அம்புக்குறியைத் தேடிப் பிடித்து, அது மேலே பார்க்கும்வரை.