டொக் டொக் போனது, உய்ய்ங் வந்தது

என்னிடம் இருக்கும் இதே காரைப் பழையதாக வாங்கலாமா என்று மச்சான் ஒருவர் கேட்டிருந்தார். போன வாரம்தான் வேலை பார்த்து எடுத்து வந்தேன், சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

2017 மாடல், மூன்று சிலிண்டர் டீசல், 98,000 கிலோமீட்டர். ஏசி போட்டுக்கொண்டு நின்றால் ஸ்டியரிங் உள்ளங்கையில் உறுமும். மூன்று சிலிண்டரின் பிறவிக் குணம் அது, பழகிவிடும். என் கோபம் வேறு. முன்பக்கம், இடது சக்கரம், டொக் டொக்.

கீழக்கரைத் தெருக்களில் ஒரு பள்ளத்தையும் விடாது. "என்ன வாப்பா, டிக்கியில தேங்காய் உருளுதா?" என்று உம்மா கேட்டார். இரண்டு முறை திறந்தும் பார்த்தேன்.

சர்வீஸ் சென்டரில் ஷாக் அப்சார்பர் என்றார்கள். ஜோடியாக மாற்றி, ஒன்பதாயிரத்துச் சொச்சம் கட்டினேன். வீடு வந்து சேர்வதற்குள் டொக் டொக். மறுபடி கொண்டுபோனால், ஓட்டிப் பார்க்கலாம் என்று பாம்பன் பாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். 1988-ல் திறந்த பாலம், இணைப்புக்கு இணைப்பு வண்டி குதிக்கும். அங்கே சத்தமே வரவில்லை! "உங்க மனசுலதான் சார் இருக்கு" என்றார் அந்தப் பையன். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

ராம்நாட்டில் ஒரு ரோட்டோர மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "பாலத்துல ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கும், ரெண்டையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் கம்பி முறுக்காது. ஒத்தச் சக்கரம் பள்ளத்துல விழுந்தாத்தான் அந்தக் கம்பியோட முனையைப் பிடிச்சிருக்கிற லிங்க் சத்தம் போடும்." கழற்றிக் காட்டினார். லிங்கின் பால் ஜாயின்ட், அதாவது உருண்டை மூட்டு, அதை மூடிய ரப்பர் கிழிந்து, மணலும் உப்புக்காற்றும் புகுந்து, உள்ளே துரு. இரண்டு பக்கமும் மாற்ற 1,800 ரூபாய், முக்கால் மணி நேரம்.

அப்புறம் தேவிபட்டினம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எண்பதில் போனேன். மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. உம்மா தூங்கியே போனார். ஏழு வருடத்தில் இந்த வண்டியை இப்படி ரசித்ததில்லை.

அது பாம்பனில் பக்கக்காற்று அடிக்கும்வரைதான். டிரைவர் கதவின் மேல் ஓரத்தில் உய்ய்ங் என்று ஒரு விசில். கதவு இடுக்கை அடைக்கும் பீடிங் ரப்பர் வெயிலில் கட்டை மாதிரி ஆகியிருக்கிறது. எத்தனை நாளாக ஊதுகிறதோ, டொக் டொக் அதை அமுக்கி வைத்திருந்திருக்கிறது.

சரி, மச்சானுக்குப் பதில்: வேண்டாம், நான்கு சிலிண்டராகப் பாருங்கள். என்னுடையதற்கும் விலை கேட்காதீர்கள், கொடுப்பதாக இல்லை. பீடிங்குக்கு ஆர்டர் போட்டாயிற்று.