தெ அக அகராதி: காதுக்கு நல்ல வாத்தியார், தமிழ் நாக்குக்குச் சில எச்சரிக்கைகள்

தெ அக என்பது நியூசிலாந்தின் மாவோரி மொழிக்கான இணைய அகராதி. தொகுத்தவர் ஜான் மூர்ஃபீல்டு. இலவசம். சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தினால் உச்சரிப்பைக் கேட்கலாம். பொருள் தேடத்தான் பலரும் இதைத் திறக்கிறார்கள். உச்சரிப்புப் பழகவும் இது எந்த அளவுக்கு உதவும் என்பதே இங்கே கேள்வி.

பெயரைச் சொல்வதிலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது. 'அக' என்று பார்த்ததும் நம் வாயில் 'அகம்' என்பதன் மெல்லிய ககரம் வந்துவிடும். வேண்டியது 'பக்கம்' என்பதன் வல்லினக் ககரம், அதுவும் இரட்டிக்காமல். இந்த ஒலி தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக வருவதில்லை. அதனால்தான் தமிழர் மாவோரி பேசும்போது முதலில் இங்கே சறுக்குகிறார்கள். 'வக' என்றால் படகு, 'வஹ' என்றால் வாய். நம் பழக்கப்படி படித்தால் படகு வாயாகிவிடும். ப, த இரண்டுக்கும் இதே விதி: 'தபு' (விலக்கப்பட்டது) என்பதில் பகரம் 'அப்பா'வின் பகரம், 'கோபம்' என்பதன் பகரம் அல்ல. மற்றபடி மூச்சு வெடிக்காத நம் வல்லினம் இந்த மொழிக்குப் பெரிய வரம். தகரத்தை ஆங்கிலப் பழக்கத்தில் டகரமாக்காமல் இருந்தால் போதும்.

அகராதியைப் பயன்படுத்த ஒரு வழி. வக-வஹ போல ஓர் ஒலி மட்டும் மாறும் இணைச்சொற்கள் இரண்டை எடுத்து ஒவ்வொன்றையும் திரையைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். பிறகு சொல்லிக் கைபேசியில் பதியுங்கள். அகராதி ஒலியையும் உங்கள் ஒலியையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். ஒரு நாளுக்கு ஐந்து இணை போதும். எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காது வேலை செய்யாது, கண் சொல்வதையே வாய் சொல்லும்.

குறில் நெடில் நமக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு தமிழில் இருப்பதால் 'கெகெ' (கேக்), 'கெகே' (கிறீச்சிடுதல்), 'கேகே' (அக்குள்) மூன்றும் உடனே பிரிந்து கேட்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற நம் கணக்கே இங்கும் செல்லும். 'தஙத' ஓர் ஆள், 'தாஙத' பலர். 'வஹினெ' பெண், 'வாஹினெ' பெண்கள். நீளம் தவறினால் ஒருமை பன்மையே மாறிவிடும்.

மேலே 'தஙத' என்று எழுதியிருப்பது அச்சுப்பிழை அல்ல. பள்ளியில் ஒப்பித்ததோடு மறந்துபோன ஙகர வரிசை முழுக்க இங்கே உயிரோடு இருக்கிறது. 'தங்கி' என்று படித்தால் ககரம் நுழைந்துவிடும். அழுகையைக் குறிக்கும் சொல் 'தஙி'. சொல் முதலிலும் வரும்: 'ஙரு' என்றால் அலை. வராவிட்டால் 'அங்ஙனம்' என்பதை நிறுத்தி நிறுத்திச் சொல்லி, முன்னால் உள்ள 'அங்' என்பதை விட்டுவிட்டு 'ஙனம்' மட்டும் சொல்லிப் பாருங்கள். இருபது தடவையில் பிடிபடும். தெற்குத் தீவின் வட்டார வழக்கில் இந்த ஙகரம் ககரமாகும். ஙாய் தஹு மக்கள் தங்களைக் காய் தஹு என்றும் சொல்வது அதனால்தான்.

அதிகம் கவனிக்கப்படாத தவறு உடம்படுமெய். இரண்டு உயிர் சேர்ந்தால் நாக்கு தானாகவே யகரத்தையோ வகரத்தையோ செருகும். 'மாவோரி' என்று நாம் எழுதுவதிலேயே ஒரு வகரம் ஓசியில் வந்திருக்கிறது; அசல் 'மா-ஒ-ரி'. நியூசிலாந்தின் மாவோரிப் பெயர் 'அஒ-தெஅ-ரொஅ'. தமிழ் எழுத்தில் இதை ஒழுங்காக எழுதவே முடியாது, காதுதான் கதி. 'கொஎ' (நீ) என்பதைக் 'கொய்' என்று முடித்தால் 'கூரிய' என்று பொருள். 'தஎ' (வந்து சேர்), 'தை' (கடல், ஓதம்) இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

சொல் கடைசி உகரமும் ஒரு பொறி. 'மாகு' (எனக்காக) என்பதைக் குற்றியலுகரமாக்கிக் கடைசியை விழுங்கக் கூடாது, உதடு குவிய வேண்டும். ஆனால் நீட்டினாலோ 'மாகூ', ஈரம்!

இவ்வளவுக்கும் அகராதி கைகொடுக்கிறது. கைவிடும் இடங்களும் உண்டு. ஒலி தனிச்சொல்லுக்குத்தான்; வாக்கியத்தின் ஓட்டம் இதில் கிடைக்காது. சொற்களை மட்டும் பழகியவர் பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் அழுத்தம் கொடுத்துத் தந்தி வாசிப்பது போலப் பேசுவார். அதற்கு மாவோரி வானொலியும் தொலைக்காட்சியும் தேவை. அகராதி உங்களைத் திருத்தவும் செய்யாது. அந்த வேலைக்கு, கைதாயா ஊரின் தெ ஹிகு மீடியா உருவாக்கிய ரொஙொ செயலி இருக்கிறது. 2018இல் மக்களிடமிருந்தே பத்து நாளில் சுமார் 300 மணி நேரப் பேச்சைத் திரட்டிய நிறுவனம் அது.

இன்னொன்று, ஒரு சொல்லுக்கு ஒரு பதிவு கேட்டால் வட்டாரம் தெரியாது. 'ஃபாநௌ' (குடும்பம்) என்பதன் முதல் ஒலி இன்று பெரும்பாலும் ஃபகரம்தான். பழைய ஒலியோ இரண்டு உதடும் மெல்ல நெருங்கி ஊதுவது. ஃபஙநுயி வட்டாரத்தில் அது வகரத்தோடு தொண்டை அடைப்புச் சேர்ந்து வரும். ஆனால் எங்கும் அது வெறும் பகரமாக ஒலிப்பதில்லை.

அகராதியில் ரோமன் எழுத்தில் தேடும்போது நெடிலுக்கு உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு (ā போல) போடுங்கள். கைபேசியில் உயிரெழுத்தை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும். விண்டோசின் மாவோரி விசைப்பலகையில் எண் 1க்கு இடப்பக்க விசையைத் தட்டிவிட்டு உயிரைத் தட்ட வேண்டும். வைகாதோ பகுதிப் பெயர்ப் பலகைகளில் நெடிலுக்கு உயிரை இரட்டித்து எழுதியிருப்பார்கள். அதை அப்படியே தட்டாமல் மேல்கோடாக மாற்றித் தேடுங்கள்.