ரீப்பருக்குப் பின்னால் ஒரு சாக்கெட்: என் ஆர்கேட் பெட்டியோடு இரண்டரை வருஷம்

பெரம்பூர் நண்பன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். ஹாலில் நிற்கும் ஆர்கேட் பெட்டியில் (அந்தக் கால வீடியோ கேம் கடைகளில் நின்றபடி ஆடுவோமே, அதே மாதிரி நானே செய்தது) நாலு ஆட்டம் ஆடிவிட்டு, "மச்சி, இதே மாதிரி எனக்கும் ஒண்ணு செய்யணும். எந்த மானிட்டர் வாங்கட்டும்?" என்று கேட்டான். ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டரை வருஷமாக இந்தப் பெட்டியோடு நான் மல்லுக்கட்டியது முழுக்க அந்த மானிட்டர் விஷயத்தில்தான். எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

மற்றதையெல்லாம் சுருக்கமாக முடித்துவிடலாம். உள்ளே ராஸ்பெரி பை 3பி பிளஸ் என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு (இனி சுருக்கமாக 'பை'), அதில் பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருள். இரண்டு பேர் ஆட ஜாய்ஸ்டிக், பட்டன்கள். பெட்டி 18 எம்எம் பிளைவுட். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை போடலாமா என்று கேட்டதற்கு ஆசாரி, "நம்ம ஊர் ஈரத்துக்கு அது ஊதிப்போயிடும் சார்" என்றார். அவர் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. இரண்டு ஐப்பசி மழை பார்த்தும் ஒரு மூலைகூட உப்பவில்லை. ஜாய்ஸ்டிக்கில் ஒரே ஒரு மைக்ரோஸ்விட்ச் மாற்றியிருக்கிறேன். அவ்வளவுதான் செலவு.

மானிட்டர் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய 19 இன்ச். அகலத்திரை இல்லை, அகலமும் உயரமும் 5:4, கிட்டத்தட்டச் சதுரம், 1280×1024 புள்ளிகள். இதைத் தேடிப்பிடித்து வாங்கக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 1991-ல் வந்தது, 384×224 புள்ளிகளில் ஓடுகிறது. அகலத்தை மூன்று மடங்காக்கினால் 1152, உயரத்தை நாலு மடங்காக்கினால் 896. 1280-ல் 1152 போக 128 மிச்சம், 1024-ல் 896 போக அதே 128 மிச்சம். நாலு பக்கமும் சரியாக 64 புள்ளிக் கருப்பு ஓரம். காகிதத்தில் முதன்முதலாக இதைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நண்பனும் அதைத்தான் கேட்டான்: "ஏன் சுத்தியும் கருப்பு விட்டிருக்க? ஃபுல்லா இழுத்து விடலாமே?" இழுத்தே காட்டினேன். 224 வரியை 1024-க்கு இழுத்தால் நாலரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது, அதனால் சில வரி நாலு புள்ளித் தடிமன், சில வரி ஐந்து. நிற்கும்போது தெரியாது. ஆள் எம்பிக் குதிக்கும்போது பாருங்கள், புருவம் ஒரு கணம் தடிக்கும், அடுத்த கணம் மெலியும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். முழு எண் மடங்கில் அந்த நெளிவு அறவே இல்லை. ஆர்கேட் திரையின் அசல் 4:3 விகிதத்தைவிடப் படம் மூன்றரை சதவீதம் ஒல்லி என்பது உண்மைதான். ஒல்லியை நான் பொறுத்துக்கொள்வேன், நெளிவை மாட்டேன்.

இனி தலைவலிக்கு வருகிறேன். பையில் இருப்பது டிஜிட்டலாகப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ, மானிட்டரோடு கடைக்காரர் கொடுத்தது பழைய அனலாக் வகை விஜிஏ கேபிள். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டேன். முதல் நாளே மானிட்டர் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்றது. தன்னால் எந்த அளவெல்லாம் காட்ட முடியும் என்று மானிட்டர் ஒரு பட்டியல் சொல்லும், அதற்கு ஈடிஐடி என்று பெயர். அந்தக் கன்வெர்ட்டர் அதைக் கடத்தாமல் தன் சொந்தப் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1920×1080 என்று அது சொன்னதை பை நம்பி அனுப்பிவிட்டது. பையின் மேல் தப்பே இல்லை.

அதைவிட மோசம், கரண்ட் போய்த் திரும்பி வருகிற நேரம். கன்வெர்ட்டர் விழிப்பதற்குள் பை விழித்துவிடும். எச்டிஎம்ஐயில் யாருமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும், திரை கருப்பாகவே கிடக்கும். இல்லாவிட்டால் 640×480-ல் வந்து நிற்கும். 1280×1024-க்கு என்று நான் அளந்து வைத்த படம் அதற்குள் எப்படி அடங்கும்? பாதிதான் தெரியும். "அப்பா, பேய் வர்றதே தெரியல" என்று மகள் பாக்-மேனை விட்டுவிட்டுக் கத்துவாள்.

இதற்கு மருந்து உண்டு, வேலையும் செய்தது. பையின் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பில் எச்டிஎம்ஐ குரூப் 2, மோட் 35 என்று போட்டால் 1280×1024, 60 ஹெர்ட்ஸ். ஹாட்பிளக்கை, அதாவது மானிட்டர் மாட்டியிருக்கிறது என்ற சைகையைக் கட்டாயமாக்கும் வரியைச் சேர்த்தால் எதிரே யாரும் இல்லாவிட்டாலும் படம் போகும். ஈடிஐடியைப் பொருட்படுத்தாதே என்பதற்கும் ஒரு வரி இருக்கிறது. மூன்றையும் போட்டபின் அளவு ஒருநாளும் மாறவில்லை.

ஆனால் படம் மங்கியது. இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு மாதக்கணக்கில் ஆனது. விஜிஏ அனலாக். இந்த மோடில் ஒரு வரிக்கு மொத்தம் 1688 துடிப்பு, அதில் கண்ணுக்குத் தெரிவது 1280. எது எங்கே தொடங்குகிறது என்று மானிட்டர்தான் ஊகிக்க வேண்டும். அதற்கு அது திரையில் வெளிச்சம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று பார்க்கும். என் மானிட்டர் கரண்ட் வந்ததும் தானாக அளக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரம் பை பூட் ஆகிக்கொண்டிருக்கும், திரையில் கருப்பும் இரண்டு வரி எழுத்தும்தான். தப்பாகத்தான் அளக்கும். படம் ஏழெட்டுப் புள்ளி நகர்ந்து, நெடுக்குவாக்கில் பட்டை பட்டையாக மசமசவென்று நிற்கும். கேம் ஓடும்போது 'ஆட்டோ' பட்டனை அழுத்தினாலும் பிரயோஜனம் இல்லை, என் கருப்பு ஓரத்தை அது படமே இல்லாத இடம் என்று எடுத்துக்கொள்ளும். மூலைக்கு மூலை வெளிச்சமான ஒரு படத்தை முழுத்திரையில் வைத்துத்தான் அழுத்த வேண்டும். விஜிஏவில் பெட்டி வைத்திருக்கும் எல்லோரும் இதை ஒருமுறை செய்து பாருங்கள், பலருடைய மங்கல் அங்கேயே தீர்ந்துவிடலாம்.

அந்த ஆட்டோ பட்டன் எங்கே இருக்கிறது? மானிட்டரின் சட்டத்தைக் கழற்றித்தான் பெட்டிக்குள் பொருத்தியிருக்கிறேன், பட்டன் பலகை உள்ளே தொங்குகிறது. கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் பின்கதவைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, விரலால் தடவித் தடவி மூன்றாவது பட்டனை அழுத்த வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் ஒரே சாயங்காலம் நாலு தடவை செய்திருக்கிறேன். வியர்வை வழிய உட்கார்ந்து அழுத்திவிட்டு நிமிர்ந்தால் மகள் தூங்கிப்போயிருப்பாள்.

நண்பன் கேட்டானே என்று மானிட்டரின் மாடலைப் படிக்க ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் முழுவதையும் கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தால், விஜிஏவுக்குப் பக்கத்திலேயே வெள்ளையாக ஒரு டிவிஐ சாக்கெட், டிஜிட்டலாகவே படம் வாங்கும் வகை. மானிட்டரைத் தாங்க ஆசாரி அடித்த ரீப்பர் கட்டை அதன் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. ரீப்பரை இரண்டு அங்குலம் அறுத்து எடுத்தேன். எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள் ஒன்று, அதில் சிப் கிடையாது, மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை, புள்ளிக்குப் புள்ளி டிஜிட்டலாகப் போகிறது. டிவிஐயில் சத்தம் வராது என்பார்கள். என் ஸ்பீக்கர் முதலிலிருந்தே பையின் 3.5 எம்எம் துளையில்தான் இருக்கிறது.

மாட்டியதும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீரன் ரியூவின் தலைப்பட்டை ஓரம் கத்தி மாதிரி வந்து நின்றது. மெயினை அணைத்துப் போட்டேன். திரும்பத் திரும்ப, மொத்தம் பதினேழு முறை. பதினேழு முறையும் 1280×1024, நாலு பக்கமும் 64. ஸ்கேலை வைத்து நாலு ஓரத்தையும் அளந்தேன், அப்புறம் மகளைக் கூப்பிட்டேன்.

இவ்வளவு சொன்னபின் நியாயமாக ஐந்துக்கு நாலரை மதிப்பெண் போட வேண்டும். போட மனசு வரவில்லை. இரண்டு. விஜிஏ கன்வெர்ட்டரோடு ஓடிய அந்தப் பெட்டிக்கு அதற்கு மேல் கிடையாது, இரண்டரை வருஷச் சாயங்காலங்கள் அதில் போயிருக்கின்றன. இன்னும் ஆறு மாதம் கழித்துக் கேட்டால் வேறு எண் சொல்வேனோ என்னவோ.

உனக்குச் சொல்வது இதுதான் மச்சி. ரிச்சி தெருவில் 5:4 மானிட்டரைக் காட்டினால் முதலில் அதைக் குப்புறப் போட்டுப் பார். வெள்ளை சாக்கெட் இருந்தால் பேரம் பேசு, இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போ. ஆசாரி ரீப்பர் அடிக்கும் நாளன்று எனக்கு ஒரு போன் போடு, நான் பெரம்பூர் வந்துவிடுகிறேன்.